திரும்பும் வழி எழுதப்படுவதில்லை

சில மாதங்களுக்கு முன் நமது பார்வைக்கு ஒரு பயணக் கட்டுரை வந்தது. எழுதியவர் உப்பளத்தைச் சேர்ந்த கல்லூரி மாணவி. பிரான்சு நாட்டில் ஓர் அரையாண்டுப் பருவம் பயின்று, விடுமுறை நாள்களில் அண்டை நாடுகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருந்தார். கட்டுரை பன்னிரண்டு பக்கம். லூர்து நகரில் இரவில் நடைபெறும் மெழுகுதிரிப் பவனி, உரோமையில் பேதுரு சதுக்கத்தின் தூண்வரிசை, தங்கியிருந்த விடுதியின் சமையலறையில் ஐந்து நாட்டு மாணவியர் ஒரே அடுப்புக்குக் காத்து நின்ற காட்சி ஆகியவற்றையெல்லாம் கண்முன் நிறுத்தியிருந்தார். நடையில் இளமையும் துணிவும் இருந்தன. கடைசிப் பக்கத்தின் கடைசி வரி மட்டும் நம்மைத் தடுத்து நிறுத்தியது. “பிறகு ஊர் திரும்பினேன்” என்று எழுதி, முற்றுப்புள்ளி வைத்திருந்தார்.

இது அவர் ஒருவரின் குறை அன்று. நமது இதழுக்கும் பிற இதழ்களுக்கும் வரும் பயணக் கட்டுரைகளைப் படித்துப் பழகியவர்கள் அறிவார்கள். புறப்பாடு மூன்று பக்கம், வழி ஐந்து பக்கம், கண்ட இடங்கள் இருபது பக்கம் என்று விரியும் கட்டுரை, மீட்சிக்கு வந்ததும் மூச்சிழந்துவிடுகிறது. விமானம் தரையிறங்கும். தாய்மண்ணின் மணம் நாசியைத் தீண்டும். கண்கள் பனிக்கும். அத்தோடு சரி. அந்த மணம் உண்மையில் எப்படி இருந்தது என்று எவரும் எழுதுவதில்லை. விமான நிலையத்து வாசலில் முதலில் தீண்டுவது பெரும்பாலும் வண்டிப் புகையே!

திரும்பும் வழியில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். போகும்போது கண்ட கடல்தானே, அதே வானந்தானே? பார்க்க வேண்டிய பொருள் எதுவும் புதிதாக இல்லை என்பது மெய்தான். ஆனால் பயணத்தில் காட்சிப் பொருள் குறைந்துபோகும் அந்த வேளையில்தான் மனிதர்கள் உள்ளே வருகிறார்கள். எதிரே காத்திருப்பவர்களின் முகம் தோன்றுகிறது. போனவன் யாராகத் திரும்புகிறான் என்ற கேள்வியும் அங்கேதான் எழுகிறது. இதை விட்டுவிட்ட கட்டுரை வழிகாட்டி நூலாகலாம். இலக்கியமாவது கடினம் என்பது நமது எண்ணம்.

தமிழுக்கு இது தெரியாததன்று. நமது பழைய பயண இலக்கியமே திரும்பி வருபவனின் வாய்மொழிதான். பத்துப்பாட்டில் ஆற்றுப்படைகள் ஐந்து. முருகனிடம் ஆற்றுப்படுத்தும் திருமுருகாற்றுப்படையைத் தனியே வைத்துவிட்டால், ஏனைய நான்கிலும் பேசுகின்றவன் பரிசில் பெற்று மீள்கின்ற கலைஞன். பசியோடு எதிர்வரும் இன்னொரு கலைஞனை அவன் வழியில் காண்கிறான். தான் வந்த வழியை அவனுக்குப் போகும் வழியாக மாற்றிச் சொல்கிறான். கூத்தர், பாணர், பொருநர், விறலியர் ஆகியோர்க்கு இத்துறையை வகுத்த தொல்காப்பியமும், பெற்றவன் பெறாதவனுக்கு அறிவுறுத்துவது என்றே அதற்கு இலக்கணம் கூறுகிறது. புறப்பட்டுப் போகின்றவன் வாயில் இந்தச் செய்யுளை வைக்க நம் முன்னோர்க்குத் தோன்றவில்லை. அவனுக்குச் சொல்வதற்கு இன்னும் ஒன்றும் இல்லை என்று நினைத்தார்கள் போலும்.

இவற்றுள் சிறுபாணாற்றுப்படை புதுவை வாசகர்க்கு மிக அண்மையில் இருப்பது. நல்லூர் நத்தத்தனார் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடிய 269 அடிகள் இவை. ஓய்மாநாடு என்பது நமக்கு வடக்கே, இன்றைய திண்டிவனத்தைச் சூழ்ந்த நிலம். பாணன் காட்டும் வழி கடற்கரை எயிற்பட்டினத்தில் தொடங்கி, வேலூர், ஆமூர் வழியாகக் கிடங்கிலை அடைகிறது. கிடங்கில் திண்டிவனத்தை அடுத்தது. எயிற்பட்டினத்தை மரக்காணம் என்று அறிஞர்கள் கருதுவர். புதுவையிலிருந்து சென்னைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்கின்றவர் அனைவரும் கடக்கும் ஊர் அது. சாலையோரமாக உப்புப் பாத்திகள் விரிந்து கிடக்கும்.

இந்தப் பாட்டின் வள்ளல் புகழ்ச்சியைவிட நம்மை ஈர்ப்பது, பரிசில் பெற்றவன் தன் பழைய வீட்டை நினைத்துக் கூறும் சில அடிகளே. இடிந்த அடுக்களை. அங்கே குட்டி ஈன்ற நாய் பாலற்ற மடியோடு கத்துகிறது. குட்டிகளுக்கோ இன்னும் கண் திறக்கவில்லை. மனைவி குப்பையில் முளைத்த கீரையைக் கிள்ளி வந்து வேகவைக்கிறாள். அதில் போட உப்பு இல்லை. பிறர் கண்டு பழிக்காதபடி கதவை அடைத்துக்கொண்டு, சுற்றத்தோடு அதை உண்கிறார்கள். யானையும் தேரும் பெற்று வருகின்றவன் வழியில் நின்று, முன்பின் அறியாத ஒருவனிடம் இதைச் சொல்கிறான்! கொற்கைக் கரையில் உமணரின் உப்பு வண்டிகள் நிறைந்திருப்பதையும், உமணரின் பிள்ளைகளோடு மந்தி கிலுகிலுப்பை ஆடுவதையும் பாடிய அதே பாட்டில், உப்பில்லாத கீரையும் இருக்கிறது. புலவர் இரண்டையும் இணைத்துக் காட்டவில்லை. இணைப்பது நாமாகவும் இருக்கலாம். ஆனால் அந்தக் கீரை இல்லையேல் யானைக்குப் பொருள் இல்லை. வீட்டின் பசியை அறிந்தவன் வாயிலிருந்து வருவதால்தான் வழியிலுள்ள ஊர்களில் கிடைக்கும் விருந்தெல்லாம் நமக்குச் சுவைக்கிறது.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். ஆற்றுப்படைப் பாணன் வீடு போய்ச் சேர்வதை எந்தப் பாட்டும் காட்டவில்லை. அவன் வழியிலேயே நின்றுவிடுகிறான். கதவைத் திறப்பவள் என்ன சொன்னாள், அந்தக் குட்டிகள் கண் திறந்தனவா என்பதெல்லாம் நமக்குத் தெரியாது.

அந்த வாசலைக் காட்டுவது முல்லை. 103 அடிகளே உடைய முல்லைப்பாட்டில், போருக்குச் சென்ற தலைவன் பாசறையில் உறக்கமின்றி இருக்கிறான். அங்கே யவனரும் இருக்கிறார்கள். நாழிகைக் கன்னலும் இருக்கிறது. ஆனால் நப்பூதனார் பாட்டைத் தொடங்குவது பாசறையில் அன்று, வீட்டில். முதுபெண்டிர் ஊர்ப்புறம் சென்று நற்சொல் கேட்க நிற்கிறார்கள். மாலைக் குளிரில் தாய்ப்பசுவைக் காணாது தவிக்கும் கன்றுக்கு, உன் தாய் இதோ வந்துவிடும் என்று ஆய்மகள் ஒருத்தி ஆறுதல் கூறுகிறாள். அவ்வளவுதான் நற்சொல். கடைசியில் தலைவன் முகத்தைக்கூட நாம் பார்ப்பதில்லை. அவன் தேரின் குதிரைகள் எழுப்பும் ஒலி தலைவியின் செவியில் விழுவதோடு பாட்டு நிற்கிறது. வருகையை வருகின்றவனின் கண்ணால் காட்டாமல் காத்திருப்பவளின் காதால் காட்டியதைவிடப் பெரிய உத்தி ஒன்றை அண்மைக் காலப் பயண நூல்களில் நாம் கண்டதில்லை.

திருவிவிலியத்திலும் இவ்விரு பக்கங்களையும் ஒருங்கே காட்டும் நூல் ஒன்று உண்டு. கத்தோலிக்கத் திருமறைப் பட்டியலில் இடம்பெறும் தோபித்து நூலைச் சொல்கிறோம். பார்வையிழந்த தந்தை, மேதியா நாட்டில் தாம் கொடுத்து வைத்திருந்த பத்துத் தாலந்து வெள்ளியைப் பெற்றுவர மகனை அனுப்புகிறார். வழித்துணையாக வருபவர் வானதூதர் என்பது மகனுக்குத் தெரியாது. தோபியா அங்கே சாராவை மணக்கிறான். திருமண விழா பதினான்கு நாள் நீள்கிறது. இந்த இடத்தில் நூலாசிரியர் விருந்தை விட்டுவிட்டுச் சட்டென்று வீட்டுக்கு வருகிறார். தந்தை நாள்களை எண்ணிக்கொண்டிருக்கிறார். தாய் அன்னா, பிள்ளை இறந்துவிட்டான் என்றே முடிவு செய்து அழுகிறாள். ஆனாலும் நாள்தோறும் அவன் போன பாதையைப் பார்த்தவாறு இருக்கிறாள். கணவர் தேற்றினால், பேசாதிரும் என்று சினக்கிறாள். நம்பிக்கையை இழந்த பிறகும் பாதையைப் பார்ப்பதை நிறுத்த முடியாத தாயை இரண்டே வரியில் காட்டிவிட்டார் அந்தப் பழைய எழுத்தாளர். திரும்பும் வழியில் தோபியாவின் பின்னே நாய் ஒன்று வருகிறது. அது எதற்கு வருகிறது என்பதற்கு விளக்கவுரையாளர்கள் பல காரணம் கூறுவர். வீட்டிலிருந்து புறப்பட்டபோதும் அது கூட வந்ததல்லவா, ஆகவே திரும்புகிறது என்பதே நமக்குப் போதும்.

ஊதாரி மைந்தன் உவமையையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை படித்துப் பார்க்கலாம். அவன் புறப்படுமுன் தந்தையிடம் சொல்ல வேண்டிய சொற்களை ஒத்திகை பார்த்துக்கொள்கிறான். தொலைவிலேயே தந்தை கண்டு ஓடிவந்து தழுவிக்கொள்ள, மனப்பாடம் செய்ததில் கூலியாளாக வைத்துக்கொள்ளும்படி கேட்கும் பகுதி சொல்லப்படாமலே போகிறது. திரும்பும் வழியில் நாம் அமைத்து வைக்கும் வாக்கியங்கள் வாசலில் பயன்படுவதில்லை என்பதை லூக்கா அறிந்திருந்தார்.

இக்காலத் தமிழில் பயணம் என்றதும் நினைவுக்கு வரும் முதல் பெயர் ஏ. கே. செட்டியார். 1911-இல் பிறந்து 1983-இல் மறைந்த இவர், தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்றவர். அதாவது இன்று வெளிநாடு சென்று படித்துவரும் நம் பிள்ளைகளின் முன்னோடி. படிப்பை முடித்து 1937-ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் வந்துகொண்டிருந்தபோதுதான், காந்தியடிகளைப் பற்றி ஒரு செய்திப்படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. அன்று அடிகளின் பிறந்தநாள். கப்பலின் பெயர் ‘சமாரியா’. வழியில் கிடந்தவனைக் கண்டு நின்ற ஒருவரை நம் வாசகர்க்கு அந்தப் பெயர் நினைவூட்டும்! அமெரிக்காவில் கற்ற கலை, அமெரிக்காவில் இருந்தபோது அவரிடம் எதையும் கேட்கவில்லை; கிழக்கு நோக்கித் திரும்பிய கப்பலில்தான் கேட்டது. அதன்பின் பல நாடுகளில் அலைந்து, பலர் எடுத்துவைத்திருந்த படச்சுருள்களைத் திரட்டினார். படம் 1940-இல் தமிழில் வெளிவந்தது. ‘உலகம் சுற்றும் தமிழன்’ நூல் வந்ததும் அதே ஆண்டில்தான். பிற்காலத்தில் தொகுக்கப்பட்ட ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ அந்தப் படம் உருவான கதையைச் சொல்கிறது.

செட்டியாரின் நடை சிக்கனமானது. தம்மை முன்னிறுத்தக் கூசுகின்ற எழுத்து. அந்தக் கூச்சம் அவருடைய பெருமை. நாம் படித்த அளவில், குறையும் அதுவே. உலகைச் சுற்றியவரின் வீட்டு வாசலை அவருடைய எழுத்தில் நாம் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அவரைப் பின்பற்றிய பலர் அவருடைய அடக்கத்தை விட்டுவிட்டார்கள். வாசலைக் காட்டாத வழக்கத்தை மட்டும் காப்பாற்றிக்கொண்டார்கள்.

நமது புதுவைக்கோ இந்த இழப்பு இன்னும் பெரிது. 1716-இல் ஆளுநர் எபேரின் ஆட்சியில் தலைமைத் துபாசி நயினியப்ப பிள்ளை குற்றஞ்சாட்டப்பட்டுத் தண்டிக்கப்பட்டார். மறு ஆண்டு சிறையிலேயே இறந்தார். நீதி கேட்டு அவர் மகன் குருவப்ப பிள்ளை பிரான்சுக்குச் சென்றார். அங்கே திருமுழுக்குப் பெற்றார். புனித மிக்கேல் விருதணியின் வீரர் பட்டமும் பெற்றுத் திரும்பினார். தந்தையை இழந்த வீட்டுக்கு மகன் வேறு பெயரோடும் வேறு சமயத்தோடும் திரும்பிய அந்த நாளை எண்ணிப் பாருங்கள். வாசலில் நின்றவர்கள் அவரை எப்படி அழைத்தார்கள்? எந்தக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டிருந்தார்கள்? 1724-இல் குருவப்பர் இறந்துவிட்டார். அவர் உறவினரான ஆனந்தரங்கர் நாட்குறிப்பு எழுதத் தொடங்கியது 1736-இல். இடையிலிருந்த பன்னிரண்டு ஆண்டுகளில் நமக்குக் கிடைக்காமல் போனது தமிழின் ஒப்பற்ற பயண நூல் ஒன்றாக இருந்திருக்கலாம்.

பின்னாளில் படைவீரராகவும் அலுவலராகவும் இந்தோசீனா சென்ற புதுவையினர் எத்தனையோ பேர். உப்பளத்திலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் சைகோன் என்ற பெயர் அயலூர்ப் பெயராக ஒலிப்பதில்லை. கப்பல் கரைக்கு வராது, ஆழ்கடலிலேயே நங்கூரமிடும். ஆகவே கரையில் நிற்கும் உறவினருக்கு முதலில் தெரிவது கப்பல். நெடுநேரம் கழித்தே படகு. அதற்கும் பிறகே ஆள். இப்படிக் காத்து நின்றவர்களைத் தாங்கிய பழைய கப்பல் பாலம் 1952 புயலில் சிதைந்தது. 1954 நவம்பரில் நிர்வாகம் கைமாறியது. 1962 ஆகஸ்டில் சட்டப்படியான இணைப்பு நிறைவேறியது. அந்த ஆண்டுகளில் திரும்பியவர்க்கு வீடு அதே தெருவில் இருந்தது, கொடி மாறியிருந்தது. எந்த நாட்டுக் குடிமகன் என்பதை ஆறு மாதத்துக்குள் சொல்ல வேண்டியிருந்தது. இவர்களுள் ஒருவரேனும் அந்தக் கடைசிப் படகுப் பயணத்தைத் தமிழில் எழுதி வைத்திருந்தால், அது நம் கைக்கு எட்டவில்லை. திண்ணைகளில் சொல்லிச் சொல்லியே கரைந்துவிட்டது.

அண்டை நாடான கேரளத்துத் திருச்சபை இந்த வகையில் நம்மினும் பேறுடையது. கரியாட்டில் யோசேப்பு மல்பானும் பாறேம்மாக்கல் தோமா கத்தனாரும் தங்கள் மக்களின் முறையீட்டோடு 1778-இல் புறப்பட்டார்கள். தமிழகம் வழியாகவே வந்து சென்னையில் கப்பலேறினார்கள். பிரேசில் கரையைத் தொட்டு, லிஸ்பனையும் உரோமையையும் கண்டார்கள். மல்பான் 1783-இல் லிஸ்பனில் கொடுங்ஙல்லூர்ப் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 1785-இல் திரும்பும் கப்பலேறி, மறு ஆண்டு கோவா வந்து சேர்ந்தார்கள். ஊருக்குச் சில நாள் பயணமே மீதம். அங்கேயே 1786 செப்டம்பரில் பேராயர் காலமானார். எட்டாண்டுகள் காத்திருந்த மக்களிடம் தோமா கத்தனார் ஆயர் இல்லாமல் போய்ச் சேர வேண்டியிருந்தது. பேராயரின் எச்சங்கள் ஆலங்ஙாட்டுக்கு வந்து சேர்ந்தது 1961-இல். கத்தனாரின் ‘வர்த்தமானப் புஸ்தகம்’ 1936-இல் அச்சேறியது. இந்திய மொழிகளில் தோன்றிய முதல் பயண நூல் என்று அதனைப் போற்றுவர். அதன் வாதங்களையும் வழக்குகளையும் வரலாற்று மாணவர்கள் தேடிப் படிக்கிறார்கள். நாம் அதை நினைக்கும்போதெல்லாம் மனத்தில் எழுவது கோவாவிலிருந்து தெற்கே ஒருவர் மட்டும் வந்த அந்த வழிதான். பாணன் யானையோடு திரும்புவது ஒரு மீட்சி. இது வேறொரு மீட்சி. துணையை வழியில் விட்டுவிட்டு வருகின்றவனுக்கு ஆற்றுப்படை இலக்கணத்தில் இடமில்லை.

மாணவியின் கட்டுரைக்கு வருவோம். அவரை அழைத்து, கடைசி வரியைக் காட்டி, இதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டோம். வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். அவர் இசைவுடனேயே இங்கு எழுதுகிறோம். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். சென்னை விமான நிலையத்துக்குத் தந்தை வாடகைக் கார் அமர்த்தி வந்திருந்தாராம். வழி நெடுகத் தந்தை அதிகம் பேசவில்லை. இரவெல்லாம் விழித்த களைப்பு என்று இவர் எண்ணிக்கொண்டார். மரக்காணம் கடக்கும்போது விடிந்தது. பாத்தி ஓரங்களில் குவித்திருந்த உப்பை, எத்தனையோ முறை கடந்த அந்தச் சாலையில், அன்றுதான் முதன்முறையாகப் பார்த்ததுபோல் இருந்தது என்றார். வீட்டுக்கு வந்த பின்னரே தெரிந்தது, ஆயா இறந்து மூன்று வாரம் ஆகிவிட்டது என்று. தேர்வு நேரத்தில் பிள்ளை கலங்கக் கூடாதென்று மறைத்துவிட்டார்கள். தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசும்போதெல்லாம், ஆயா தூங்குகிறார் என்றே சொல்லியிருக்கிறார்கள். ஆயாவுக்கென்று லூர்திலிருந்து கொண்டுவந்த தீர்த்தப் புட்டி, பெட்டியிலேயே இருந்தது. மறுநாள் காலை உப்பளம் கல்லறைக்கு அதை எடுத்துச் சென்றிருக்கிறார்.

“இதையெல்லாம் பயணக் கட்டுரையில் எழுதலாமா?” என்று நம்மைக் கேட்டார். எழுதித்தான் ஆக வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. துயரத்தை அச்சேற்றும்படி எவரையும் கேட்க நமக்கு உரிமை இல்லை. அந்த ஒற்றை வரியை நடையின் சோம்பல் என்று நாம் முதலில் எண்ணியதும் பிழை. சிறுபாணாற்றுப்படையின் உப்பில்லாக் கீரை வரும் பகுதியை மட்டும் படியெடுத்துக் கொடுத்து அனுப்பினோம்.

ஒரு மாதம் கழித்துக் கட்டுரை திரும்பி வந்தது. லூர்துப் பவனி பாதியாகச் சுருங்கியிருந்தது. முன்பு ஒரு வரியாக இருந்த திரும்பும் வழி மூன்று பக்கமாகியிருந்தது. ஆயாவின் சாவு அதில் இல்லை. காரில் பேசாதிருந்த தந்தை இருக்கிறார். அவர் மரக்காணத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, மகளுக்குத் தேநீர் வாங்கித் தந்துவிட்டு, தாம் குடிக்காமல் உப்புப் பாத்திகளைப் பார்த்தபடி நிற்கிறார். ஏன் என்று கட்டுரை சொல்லவில்லை. அடுத்த இதழில் அதை ஒரு சொல்லும் மாற்றாமல் வெளியிடுகிறோம்.